ஒரு சொல்லைப் பின்தொடர்வது எப்படி: சீசரின் போர்க் குறிப்புகளை மொழிபெயர்ப்பில் வாசிப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

எங்கள் வாசிப்புக் குழுவில் ஒருவர், "சீசர் தினமும் மக்காச்சோளம் கேட்டு நச்சரித்தான்" என்று தமிழாக்கிக் கொண்டு வந்தார். ஆங்கிலப் பிரதியில் 'கார்ன்' என்று இருந்தது. அகராதியும் அப்படித்தான் சொன்னது. மக்காச்சோளம் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்ததே 1492க்குப் பிறகு. கி.மு. 58இல் ரோமானியப் படை தின்றது கோதுமை. பழைய ஆங்கிலத்தில் 'கார்ன்' என்றால் பொதுவாகத் தானியம். லத்தீனில் அங்கே இருப்பது 'ஃப்ரூமெந்தும்'.

தப்பு அவர் பேரில் இல்லை, அவர் நடந்த வரிசையில். ஆங்கிலத்திலிருந்து நேரே தமிழுக்கு இறங்கினால் இப்படித்தான் ஆகும். முதலில் ஆங்கிலத்திலிருந்து லத்தீனுக்கு ஏற வேண்டும், அங்கே கொஞ்சம் சுற்றிப் பார்க்க வேண்டும், அப்புறம்தான் தமிழுக்கு இறங்க வேண்டும். அந்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் எல்லாம் சீசரின் கல்லியப் போர்க் குறிப்புகளிலிருந்து.

நாட்டின் பெயரைப் பற்றி முதலிலேயே ஒரு வார்த்தை. ஆங்கில ஒலிப்பில் 'கால்' என்று எழுதினால், "கால் மூன்று பாகங்களாகப் பிரிந்துள்ளது" என்ற புகழ்பெற்ற முதல் வாக்கியம் எலும்பு மருத்துவரின் அறிக்கை போல ஆகிவிடுகிறது. 'காலியா' என்றால் கேள்வி கேட்பது போல இருக்கிறது. லத்தீன் ஒலிப்புக்கு நெருக்கமான 'கல்லியா'வையே (ஏறத்தாழ இன்றைய பிரான்சும் அதன் சுற்றுப்புறமும்) நான் வைத்துக்கொள்கிறேன், மக்கள் கல்லியர்.

1. தொடங்குமுன் மேசையில் இருக்க வேண்டியவை

லத்தீன் மூலம் ஒன்று, ஆங்கில மொழிபெயர்ப்பு இரண்டு, லத்தீன் அகராதி ஒன்று, ஒரு வரைபடம், ஒரு கட்டு அட்டைகள். இவ்வளவு போதும்.

மூலம் இணையத்தில் இலவசம். பெர்சியஸ் டிஜிட்டல் நூலகத்தில் லத்தீன் சொல் ஒவ்வொன்றையும் சொடுக்கினால் அதன் வேர்ச்சொல்லும் வேற்றுமையும் வரும். லூயிஸ்–ஷார்ட் அகராதியும் அங்கேயே இருக்கிறது. லத்தீன் முழுதாகத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒரு பெயர்ச்சொல் வேற்றுமைக்கேற்ப வால் மாறும் என்பது புரிந்தால் போதும். தமிழருக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

மொழிபெயர்ப்புகள் இரண்டும் காலத்தால் தள்ளியிருக்க வேண்டும். மெக்டெவிட்–போன் 1869ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பும், எட்வர்ட்ஸ் செய்து 1917இல் லோயப் வரிசையில் வந்த பதிப்பும் இருந்தால் தொடங்கிவிடலாம். முடிந்தால் 1950க்குப் பிந்திய ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே காலத்து இரண்டு பேர் ஒரே மாதிரி சொல்லைத்தான் போடுவார்கள். காலம் தள்ளிப்போகும்போதுதான் இருவரும் முரண்படும் இடங்கள் வெளிப்படும். நீங்கள் தோண்ட வேண்டியது அங்கேதான்.

இடத்தைக் குறிக்கப் பக்க எண்ணைப் பயன்படுத்தாதீர்கள், பதிப்புக்குப் பதிப்பு மாறும். நூல் எண், அதிகார எண் போதும்: 1.7 என்றால் முதல் நூல், ஏழாம் அதிகாரம். எந்தப் பதிப்பிலும் இது மாறாது.

இன்னொன்று. எட்டு நூல்களில் ஏழுதான் சீசர் எழுதியது. எட்டாவதை எழுதியவர் அவருடைய படைத்துணைவர் அவுலுஸ் ஹிர்தியுஸ். "சீசர் இந்தச் சொல்லை இப்படிப் பயன்படுத்துகிறார்" என்று சொல்வதற்கு எட்டாம் நூலிலிருந்து சான்று காட்டினால் வாதம் அங்கேயே படுத்துவிடும்.

2. முதல் சுற்றுக்கு 29 அதிகாரங்கள் போதும்

முதல் நூலின் 1 முதல் 29 வரை ஹெல்வேத்தியர் என்ற கல்லிய இனத்தின் கதை. அதோடு நில்லுங்கள். தொடக்கம், நடு, முடிவு உள்ள தனிக் கதை அது. தூது, பேரம், அணிவகுப்பு, சண்டை, சரணடைதல் என்று அடிக்கடி வரும் சொற்கள் எல்லாம் ஒருமுறையாவது வந்துவிடும்.

புதிதாக வருபவர்கள் நேரே ஏழாம் நூலின் அலேசியா முற்றுகைக்குத் தாவுவார்கள். விறுவிறுப்பு அங்கே என்பது உண்மைதான். ஆனால் முற்றுகைக் கருவிகளின் பெயர்கள் அங்கே குவிந்து கிடக்கும், பத்தாவது பக்கத்தில் அட்டைகள் தீர்ந்து ஆர்வமும் தீர்ந்துவிடும்.

முதலில் தமிழிலோ ஆங்கிலத்திலோ கதையாக ஒருமுறை வாசியுங்கள். எதையும் குறிக்க வேண்டாம். இரண்டாம் வாசிப்பில் 'இது என்ன?' என்று நெருடும் சொற்களுக்கு மட்டும் ஓர் அட்டை போடுங்கள். பத்து அட்டைக்கு மேல் போகக் கூடாது.

3. ஆங்கிலச் சொல்லை நம்பாமல் லத்தீனுக்கு ஏறுங்கள்

அட்டையின் மேலே ஆங்கிலச் சொல், அடுத்த வரியில் அதே இடத்து லத்தீன் சொல். தமிழ் இப்போது வேண்டாம். தமிழை முதலில் எழுதிவிட்டால் மனம் அதற்கு ஆதரவாகவே சான்று தேடும்.

பழைய ஆங்கிலம் வைத்திருக்கும் பொறிகள் சில. 'நாலாயிரம் ஹார்ஸ்' என்றால் குதிரைகள் அல்ல, குதிரைவீரர்கள். 'ஃபுட்' என்றால் காலாட்படை. 'டார்ட்' என்றால் பலகையில் எறியும் விளையாட்டுச் சாமான் அல்ல. 'தேலா', அதாவது எறிந்து தாக்கும் எந்த ஆயுதமும். 'எஞ்சின்' என்றால் முற்றுகைப் பொறி.

'லெஃப்டினன்ட்' இன்னும் மோசமான பொறி. இன்றைய ராணுவத்தில் அது அதிகாரிகளின் கீழ்ப்படி. சீசரிடம் அந்த இடத்தில் இருப்பவர் 'லேகாத்துஸ்': தளபதிக்கு அடுத்த நிலை, தேவைப்பட்டால் பல லெகியோன்களை (ரோமானியப் படையின் பெரும்பிரிவுகளை) தனியாக நடத்துபவர். லாபியேனுஸ் அப்படிப்பட்டவர். அவரை லெஃப்டினன்ட் என்று தமிழில் எழுதினால், அகாடமியிலிருந்து நேற்று வெளிவந்த இளைஞன் போலத் தோன்றும். 'துணைத்தளபதி' என்பதே சரி.

4. லத்தீன் சொல் வரும் எல்லா இடங்களையும் பாருங்கள்

ஒரே இடத்தைப் பார்த்து முடிவு கட்டுவதுதான் நான் அதிகம் பார்த்த பிழை. 'லேகாத்துஸ்' என்றால் துணைத்தளபதி என்று அட்டையில் எழுதிவிட்டீர்கள், சரி. இப்போது 1.7ஐத் திறங்கள். ஹெல்வேத்தியர் சீசரிடம் 'லேகாத்தி'களை அனுப்புகிறார்கள். நம்மெயுஸ், வெருக்லோயித்தியுஸ் என்ற இருவர் தலைமையில். இவர்கள் துணைத்தளபதிகள் அல்ல, தூதர்கள். மூன்று அதிகாரம் தள்ளி, 1.10இல், அரணைக் காக்கும் பொறுப்பை சீசர் ஒப்படைக்கும் லாபியேனுஸும் 'லேகாத்துஸ்'தான். 'அனுப்பப்பட்டவர்', 'ஒப்படைக்கப்பட்டவர்' என்ற ஒரே வேரிலிருந்து கிளைத்த இரண்டு பொருள்கள். ஆங்கில மொழிபெயர்ப்பு இரண்டு வேறு சொற்களைப் போட்டு இந்தத் தொடர்பை மறைத்துவிடுகிறது. தமிழிலும் இரண்டு சொல்தான் போட வேண்டும். ஆனால் மூலத்தில் ஒன்றுதான் என்பது அட்டையில் இருக்கட்டும்.

'எக்விதேஸ்' இன்னும் சிக்கல். போர்க்களத்தில் குதிரைப்படை. ஆறாம் நூலில் கல்லியச் சமூகத்தை விவரிக்கும் 6.13இல், துருயிதர் என்ற பூசாரி வகுப்புக்கு அடுத்த உயர்குடி வகுப்பு. 3.10இல் 'ரோமானிய எக்விதேஸ்' என்று வரும்போது ரோமின் ஒரு சமூகப் படிநிலை. மூன்றுக்கும் 'குதிரைவீரர்' என்று போட்டால் 6.13 உளறலாகிவிடும். 'நைட்' என்று ஆங்கிலத்தில் இருப்பதைப் பார்த்து இரும்புக் கவசம் பூண்ட இடைக்கால வீரரைக் கற்பனை செய்வது இன்னொரு வழுக்கல். அது ஆயிரம் ஆண்டு தள்ளி.

தேடும்போது முழுச்சொல்லைத் தேடாதீர்கள், அடிச்சொல்லை மட்டும் தேடுங்கள். வேற்றுமை வாலைச் சேர்த்துத் தேடினால் பாதி இடங்கள் அகப்படாது. அடியை மட்டும் தேடினால் வேண்டாத உறவினர்களும் வருவார்கள் ('லேகாத்தியோ' என்றால் தூதுக்குழு); அவர்களைக் கையால் கழியுங்கள். லத்தீன் பதிப்புகளில் எழுத்துக்கூட்டலும் ஒன்றாக இருக்காது. சிலர் 'ஜே'க்குப் பதில் 'ஐ' போடுவார்கள், 'வி'க்குப் பதில் 'யூ'. ஒரு சொல் கிடைக்கவில்லை என்றால் உடனே "சீசர் இதைப் பயன்படுத்தவே இல்லை" என்று முடிவு கட்டாமல் மற்ற எழுத்துக்கூட்டலிலும் தேடிப் பாருங்கள்.

சாமான் விஷயத்தில் நமக்கு ஒரு வசதி உண்டு. படையோடு வரும் பொதிவண்டி, பொதிவிலங்குகள் 'இம்பெதிமெந்தா'. சிப்பாய் தன் தோளில் சுமப்பது 'சார்கினாய்'. முன்னது பொதித்தொடர், பின்னது மூட்டை முடிச்சு. 1.24இல் சண்டைக்கு முன் மூட்டை முடிச்சுகளை ஓரிடத்தில் குவிக்கச் சொல்கிறான் சீசர். 'இம்பெதிமெந்தா'வை 'தடைகள்' என்று வேர் பார்த்து மொழிபெயர்த்தவரையும் பார்த்திருக்கிறேன். வேர் வழி காட்டும்; பொருளைத் தீர்மானிப்பது சூழல்.

5. பதவிப் பெயர்களில் பிற்காலத்தைக் கழற்றுங்கள்

ஒவ்வொரு பதவிச் சொல்லையும் பார்த்து, "இந்தப் பொருள் சீசர் எழுதும்போதே இருந்ததா?" என்று கேளுங்கள்.

'இம்பெராத்தோர்' என்பதைப் பேரரசர் என்று எழுதுவது அடிக்கடி நடக்கிறது. 2.25இல் வீரர்கள் 'இம்பெராத்தோரின் கண்ணெதிரே' உயிரைப் பணயம் வைக்கிறார்கள். அந்த இம்பெராத்தோர் சீசர்தான், பொருள் 'தளபதி'. ரோமில் பேரரசர் என்று சொல்லத்தக்க முதல் ஆள் அகஸ்டஸ், கி.மு. 27இல். 'கான்சல்' என்றால் தூதரக அதிகாரி அல்ல; ஆண்டுக்கு இருவராகத் தேர்ந்தெடுக்கப்படும் உச்ச ஆட்சியாளர்.

'கெந்துரியோ'வை நூற்றுவர் தலைவன் என்று எழுதலாம், அழகான சொல்தான். ஆனால் உடனே கணக்குப் போடாதீர்கள். ஒரு லெகியோனில் 60 கெந்துரியா (நூற்றுவர் அணி), அதனால் 6,000 பேர் என்று ஒருவர் எழுதி வந்தார். பெயரில்தான் நூறு, வழக்கத்தில் ஏறத்தாழ 80, போரில் அதற்கும் குறைவு.

'நண்பன்' கூடப் பட்டம்தான். 1.35இல் ஜெர்மானிய மன்னன் அரியோவிஸ்துஸுக்கு, தன் கான்சல் ஆண்டிலேயே (கி.மு. 59) 'மன்னன், நண்பன்' என்ற பெயரை செனட் வழங்கியதைச் சீசர் நினைவூட்டுகிறான். இது பாசம் அல்ல, அரசு ஏட்டில் பதிந்த தகுதி. 'ரோமானிய மக்களின் நண்பன் என்ற பட்டம்' என்று விரித்து எழுதினால் வாசகர் தடுமாற மாட்டார். அதே போல 'செனட்' என்றதும் ரோமுக்கு ஓடாதீர்கள். 2.5இல் ரேமி என்ற கல்லிய இனத்தின் பெரியோர் அவைக்கும் சீசர் அதே சொல்லைத்தான் போடுகிறான்.

6. நிலமும் ஊரும் பெயரும்

'புரோவின்கியா' தனியாக வந்தால் ஏதோ ஒரு மாகாணம் அல்ல. ஆல்ப்ஸுக்கு அப்பால் ரோம் முன்பே பிடித்திருந்த தென் கல்லியா. இன்றைய பிரான்சின் புரொவான்ஸ் என்ற பெயரே அதிலிருந்து வந்தது.

'இப்பக்கத்துக் கல்லியா', 'அப்பக்கத்துக் கல்லியா' என்று வருவது ரோமில் நின்று பார்க்கும் பார்வை. இப்பக்கம் என்றால் வட இத்தாலி. அதனால்தான் சீசர் குளிர்காலத்தில் "கல்லியாவுக்கு" போனான் என்று வரும்போது, அவன் போர்முனையை விட்டுத் திரும்பியிருக்கலாம். வரைபடத்தை ஒட்டிப் பாருங்கள்.

'கீவித்தாஸ்' என்பதை ஆங்கிலத்தில் ஸ்டேட் என்பார்கள், ட்ரைப் என்பார்கள். 'பழங்குடி' என்று தமிழில் போட்டால் அவை, நாணயம், வரி எல்லாம் வைத்திருந்த சமூகம் காட்டுவாசியாகிவிடும். 'மாநிலம்' என்றால் சென்னைத் தலைமைச் செயலகம் நினைவுக்கு வரும். நான் 'நாடு' என்பதையே வைத்துக்கொள்கிறேன். நம் பழைய கல்வெட்டுகளில் நாடு என்பது ஒரு சிறு வட்டாரத்தையும் அதன் மக்களையும் சேர்த்தே குறிக்கும். இங்கே அது பொருந்துகிறது. 1.12இல் ஹெல்வேத்திய நாடு நான்கு 'பாகுஸ்'களாகப் பிரிந்திருந்தது என்று வரும்போது அவற்றைக் கூற்றங்கள் எனலாம், அல்லது வெறுமனே 'பிரிவுகள்'.

பெயர்களுக்கு என் விதி: தமிழில் ஏற்கெனவே வேரூன்றியவை அப்படியே (சீசர், சிசெரோ), மற்றவை லத்தீன் ஒலிப்பில். ஒரே பெயரில் பல ஆட்கள் உண்டு என்பதையும் மறக்காதீர்கள். ஐந்தாம் நூலில் முற்றுகைக்குள் சிக்கும் சிசெரோ பேச்சாளர் சிசெரோ அல்ல, அவருடைய தம்பி குவிந்துஸ்.

7. நேரம், தூரம், தேதி

தூரத்தில் 'மில்லே பஸ்ஸுஸ்' என்றால் ஆயிரம் பஸ்ஸுஸ். ஒரு பஸ்ஸுஸ் என்பது இரண்டு எட்டு, ஐந்து ரோமானிய அடி. ஆயிரம் சேர்ந்தால் சுமார் 1.48 கி.மீ. ஆங்கிலத்தில் மைல் என்று இருப்பதை 1.6ஆல் பெருக்காதீர்கள்.

இரவுக் காவலுக்கு நமக்கு ஆயத்தச் சொல் இருக்கிறது. ரோமானியர் இரவை நான்கு 'விகிலியா'வாகப் பிரித்தார்கள். நாமும் நான்கு சாமமாகப் பிரித்தோம். 1.12இல் சீசர் மூன்றாம் சாமத்தில் புறப்படுகிறான், அதாவது நள்ளிரவு கடந்து. பகல் 'ஹோரா'வுக்கு நாழிகை ஒத்துவராது. நாழிகை எப்போதும் 24 நிமிடம்; ரோமானிய மணி கோடையில் நீளும், குளிர்காலத்தில் சுருங்கும்.

தேதியில் இரு முனையையும் சேர்த்து எண்ண வேண்டும். 1.6இல் 'ஏப்ரல் முதல் நாளுக்கு முன் ஐந்தாம் நாள்' என்பது மார்ச் 28. ஐந்தைக் கழித்து 27 என்று எழுதுபவர்கள் ஏப்ரல் முதல் தேதியையும் எண்ணவில்லை.

8. பக்கம் சாயும் சொற்கள்

மேலே உள்ளவை எல்லாம் அகராதி பார்த்தால் தீரும். இது தீராது. அட்டைகளில் சிலவற்றை இப்போது தனியே எடுத்து வையுங்கள்: வன்முறையை மெல்லிய குரலில் சொல்லும் சொற்கள்.

இரண்டாம் நூலின் கடைசி அதிகாரத்தில் (2.35) கல்லியா முழுவதும் 'பாக்காத்தா' ஆகிவிட்டது என்கிறான் சீசர். 'பாக்ஸ்' என்றால் அமைதி. அதனால் 'கல்லியா முழுவதும் அமைதி நிலவியது' என்று ஒரு தமிழாக்கம். ஆனால் இரண்டு அதிகாரம் முன்னால்தான், 2.33இல், அதுவாத்துகர் என்ற இனத்தாரின் ஊரை மொத்தமாக விற்றிருக்கிறான். வாங்கியவர்கள் கொடுத்த கணக்கு 53,000 'தலைகள்'. 'அமைதி நிலவியது' என்று எழுதினால் யார் செய்தது என்பதே காணாமல் போகிறது. 'அடக்கப்பட்டது' என்றால் சீசர் சொல்லாத கடுமையை நாம் ஏற்றுகிறோம். 'அமைதிக்குக் கொண்டுவரப்பட்டது' என்பது என் முடிவு. கொஞ்சம் நெளியும் வாக்கியம்தான். மூலமும் அங்கே நெளிகிறது.

அந்தத் 'தலைகள்' தமிழில் அப்படியே இருக்கட்டும். சில மொழிபெயர்ப்புகள் 'நபர்கள்' என்று போடும். மாட்டையும் ஆளையும் ஒரே மாதிரி தலையெண்ணும் வழக்கம் நமக்கும் தெரிந்ததுதானே. மூலத்தின் குளிர்ச்சி அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

3.16இல் வெனேத்தியர் என்ற கல்லிய இனத்தின் அவையினர் எல்லோரையும் கொன்றுவிட்டு மற்றவர்களை 'மாலையின் கீழ்' விற்றான் என்று வருகிறது. போர்க்கைதிகளை அடிமையாக விற்பதற்கான ரோமானிய மரபுத்தொடர் அது. சொல்லுக்குச் சொல் வைத்தால் கல்யாணம் போலிருக்கும். 'அடிமைகளாக ஏலம்விட்டான்' என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள். மரபுத்தொடரை அட்டையில் குறித்தால் போதும். முந்தைய பத்தியில் நெளிவைக் காப்பாற்றச் சொன்னவன் இங்கே உடைத்துச் சொல்லச் சொல்கிறேனே என்றால், காரணம் இதுதான்: 'தலைகள்' தமிழ் வாசகருக்குத் தானே புரியும், 'மாலையின் கீழ்' புரியாது.

'ஒப்சிதேஸ்' என்பதற்குப் பணயக்கைதி என்று போடும் பழக்கம் செய்தித்தாள் வழியாக வந்தது. கடத்திச் சென்று மிரட்டுவது போல இருக்கிறது. 2.5இல் ரேமித் தலைவர்களின் பிள்ளைகளைச் சீசர் கேட்டு வாங்குவது ஒப்பந்தத்துக்கு உத்தரவாதமாக. 'பிணையாட்கள்' என்பதே பொருந்தும். 1.14இல் ஹெல்வேத்தியத் தலைவன் திவிகோ "நாங்கள் பிணையாட்களை வாங்கிப் பழகியவர்கள், கொடுத்து அல்ல" என்ற பொருளில் பதில் சொல்வான். பணயக்கைதி என்று போட்டால் அந்தச் செருக்கு ரவுடித்தனமாகிவிடும்.

'ரேஸ் நொவாய்' என்றால் சொல்லளவில் புதிய விஷயங்கள். 1.9இல் தும்நோரிக்ஸ் என்ற கல்லியப் பிரமுகன் ஆட்சி ஆசையில் புதிய விஷயங்களை நாடினான் என்று வருகிறது. அவன் புதுமை விரும்பி அல்ல, ஆட்சியைக் கவிழ்க்கப் பார்த்தவன்.

பாராட்டுச் சொற்களும் இந்தக் கட்டில்தான் சேரும். 'விர்த்தூஸ்' ஆண் என்ற சொல்லிலிருந்து பிறந்தது. நம் 'ஆண்மை'யும் அதே பாதையில் வந்தது, அதனால் சட்டென்று கை போகும். ஆனால் இன்றைய தமிழில் ஆண்மை என்றால் பேருந்து நிலையச் சுவர் விளம்பரம்தான் ஞாபகம் வருகிறது. 'வீரம்' போதும். கவனிக்க வேண்டியது வேறு: 1.1இலேயே இந்தச் சொல்லை எதிரியான ஹெல்வேத்தியருக்குக் கொடுக்கிறான். ரோமானியருக்கு 'வீரம்', கல்லியருக்கு 'முரட்டுத்தனம்' என்று இரண்டு சொல் போட்டீர்களானால், சீசர் செய்யாத பாரபட்சத்தை நீங்கள் செய்கிறீர்கள்.

9. அவனா, அவரா, நம்மவரா, எம்மவரா

லத்தீனில் இல்லாத, ஆங்கிலத்திலும் இல்லாத ஒரு முடிவைத் தமிழில் முதல் வாக்கியத்திலேயே எடுத்தாக வேண்டும்: மரியாதை விகுதி. சீசர் 'வந்தார்', அவரை எதிர்த்த கல்லியத் தலைவன் வெர்சிங்கெடோரிக்ஸ் 'ஓடினான்' என்று எழுதினால் முடிந்தது கதை. யார் பக்கம் என்று வாசகருக்குச் சொல்லிவிட்டீர்கள். மூலத்தில் அந்தச் சாய்வு வினைமுற்றில் இல்லை. இருவருக்கும் ஒரே விகுதி. நான் எல்லோருக்கும் 'அவன்' போடுகிறேன். பழைய மன்னர்களைப் பற்றி எழுதும்போது நாம் அப்படித்தானே எழுதுகிறோம். ஒரு விலக்கு வைத்திருக்கிறேன்: களத்தில் நடமாடும் சீசர் 'அவன்', நூலாசிரியராக அவரைப் பற்றி நாம் பேசும்போது 'அவர்'. மேலே நானும் அப்படித்தான் மாற்றி மாற்றி எழுதியிருக்கிறேன்.

இந்தப் பிரிவு சீசரிடமே உண்டு. தன்னைச் செயல்வீரனாகக் காட்டும்போது படர்க்கையில் 'சீசர்' என்பார். எழுதுபவராகப் பேசும்போது தன்மைக்கு மாறுவார். 2.1இன் முதல் வாக்கியத்திலேயே 'சீசர் இப்பக்கத்துக் கல்லியாவில் இருந்தபோது', 'நாம் மேலே காட்டியபடி' இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. சீரமைக்கிறேன் என்று ஒன்றை மாற்றாதீர்கள்.

அடுத்து 'நோஸ்த்ரி'. ரோமானிய வீரர்களைச் சீசர் இப்படித்தான் குறிப்பிடுவார். ஆங்கிலத்தில் 'அவர் மென்', வேலை முடிந்தது. தமிழிலோ கேட்பவரையும் சேர்ப்பது 'நம்மவர்', சேர்க்காதது 'எம்மவர்'. சீசர் எழுதியது ரோமானிய வாசகருக்கு, ஆகவே இலக்கணப்படி 'நம்மவர்'. ஆனால் வேலூரில் உட்கார்ந்து வாசிப்பவரை அது ரோமானியப் படையில் சேர்த்துவிடும். அந்த இழுப்புதான் சீசரின் நோக்கம் என்பது என் கருத்து, அதனால் 'நம்மவர்'. எங்கள் குழுவில் பாதிப் பேர் ஒத்துக்கொள்ளவில்லை, 'ரோமானியர்' என்றே போடுகிறார்கள். எதுவானாலும் முதல் அதிகாரத்தில் எடுத்த முடிவை நடுவில் மாற்றாதீர்கள். ஒரே சண்டையில் முதல் பத்தியில் நம்மவர், மூன்றாம் பத்தியில் ரோமானியர் என்றால் ஒரு தரப்பு கூடிவிட்டது போலத் தோன்றும்.

10. வாக்கியத்தை முறிக்குமுன் தமிழ் இலக்கணத்தைக் கேளுங்கள்

லத்தீன் சொற்களைச் சுருக்கமாக அடுக்கும்: 'பிணையாட்கள் பெறப்பட்டபின்', 'இவை அறியப்பட்டபின்'. ஆங்கிலம் இதை 'ஹாவிங்' போட்டு இழுக்கும். அதைப் பார்த்துச் செயப்பாட்டு வினையை நீங்களும் இழுக்க வேண்டாம். 'இவற்றை அறிந்து', 'பிணையாட்களைப் பெற்றுக்கொண்டு' என்று வினையெச்சத்தில் போனால் மூலத்தின் வேகம் கிடைக்கும். இரண்டு வினைக்கும் செய்பவர் ஒருவர்தானா என்று மட்டும் பாருங்கள். வேறானால் 'பெற்றபின்' அல்லது 'பெற்றதும்'.

சீசரிடம் பேச்சுகள் பெரும்பாலும் அயற்கூற்றில் வரும். ஆங்கிலத்தில் அவற்றை வாசிப்பது தலைவலி, ஏனென்றால் 'ஹி' யாரைக் குறிக்கிறது என்று தெரியாது. லத்தீனில் பேசுபவரைச் சுட்டத் தனிச்சொல் 'சே' இருக்கிறது. நமக்கு 'தான்' இருக்கிறது. 1.34இல் அரியோவிஸ்துஸின் பதிலை வைத்துப் பாருங்கள்: தனக்குச் சீசரிடம் ஏதாவது வேண்டியிருந்தால் தானே அவனிடம் போயிருப்பதாகவும், அவனுக்குத் தன்னிடம் ஏதாவது வேண்டுமென்றால் அவன்தான் தன்னிடம் வர வேண்டும் என்றும் சொன்னான். ஒரு குழப்பமும் இல்லை. மேற்கோள்குறி போட்டு நேர்க்கூற்றாக மாற்றும் அவசரம் நமக்குத் தேவையே இல்லை. மாற்றினால் இன்னொரு தொல்லையும் சேரும்: சீசரை அவன் நீ என்பானா, நீர் என்பானா?

11. கடைசிப் பயிற்சி: அலேசியாவின் பொறிகள்

இப்போது ஏழாம் நூலுக்குப் போகலாம். கி.மு. 52, அலேசியா. உள்ளே வெர்சிங்கெடோரிக்ஸ். சுற்றிலும் 11 ரோமானிய மைலுக்கு உள் அரண், வெளியிலிருந்து வரும் மீட்புப் படைக்கு எதிராக 14 மைலுக்கு வெளி அரண். 7.73இல் மூன்று வகைப் பொறிகளுக்குச் சிப்பாய்கள் வைத்த பட்டப்பெயர்கள் வருகின்றன. இதுவரை சொன்ன வரிசை முழுவதையும் இந்த ஓர் அதிகாரத்தில் செய்து பார்க்கலாம்.

'ஸ்திமுலி' எளிது. ஓரடி நீளக் கட்டையில் இரும்புக் கொக்கி பதித்து மண்ணில் முழுதாகப் புதைத்தது. சொல்லின் பொருள் மாட்டைக் குத்தி ஓட்டும் கோல். தார்க்குச்சி! சிப்பாயின் கிண்டல் அப்படியே வந்துவிடுகிறது.

'லிலியா' மூன்றடி ஆழக் குழி. அடியில் நெருப்பில் இறுக்கிய கூர்முளை. தழை போட்டு மூடியிருக்கும். பூ போன்ற உருவத்தால் அந்தப் பெயர் என்று மூலமே சொல்கிறது. ஒலி ஒற்றுமையை நம்பி 'அல்லி' என்று எழுதாதீர்கள், அது தண்ணீரில் மிதக்கும் வேறு பூ. 'லில்லி' என்றே விடுங்கள்.

'கிப்பி' ஐந்தடி ஆழப் பள்ளங்களில் கூராக்கிய கிளைகளை வரிசையாக நட்டது. புகுந்தவன் தன்னையே குத்திக்கொள்வான். சொல்லுக்கு எல்லைக்கல் என்றும் கல்லறைத் தூண் என்றும் பொருள். 'நடுகல்' என்று எழுத எனக்கும் ஆசை வந்தது. ஆனால் நடுகல்லில் வழிபாடு இருக்கிறது, விழுந்த வீரனுக்கு மதிப்பு இருக்கிறது. இங்கே இருப்பது குரூர நகைச்சுவை. 'சமாதிக்கல்' என்று மாற்றினேன்.

12. அட்டையை எப்படி மூடுவது

ஒவ்வோர் அட்டையிலும் ஐந்து வரி இருக்க வேண்டும்: ஆங்கிலச் சொற்கள், லத்தீன் சொல், வரும் இடங்களின் எண்கள், தேர்ந்த தமிழ்ச் சொல், விலக்கிய தமிழ்ச் சொல்லும் அதற்கான காரணமும். கடைசி வரியை எழுதச் சோம்பல் வரும். ஆறு மாதம் கழித்து "ஏன் பணயக்கைதி என்று போடவில்லை?" என்று நீங்களே கேட்பீர்கள், அப்போது பதில் அங்கேதான் இருக்கும்.

பிறகு அட்டைகளை மூடி வைத்துவிட்டு, உங்கள் தமிழாக்கத்தை ரோம் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அவர் எங்கே நிற்கிறார், எங்கே சிரிக்கிறார் என்று பாருங்கள். நான் 'கழுகைக் காப்பாற்றக் கடலில் குதித்தான்' என்று எழுதியிருந்ததைக் கேட்டு என் அத்தை, "பாவம், அதற்குப் பறக்கத் தெரியாதா?" என்றார். 4.25இல், பிரித்தானியக் கரையில், பத்தாம் லெகியோனின் சின்னம் ஏந்தியவன் குதிக்கும் இடம் அது. 'கொடி' என்று மாற்றலாமா என்று பார்த்தேன்; துணிக்கொடிக்கு சீசர் 2.20இல் 'வெக்சில்லும்' என்று வேறு சொல் வைத்திருக்கிறார். 'கழுகுச் சின்னம்' என்று திருத்தினேன். பழைய முடிவை அழிக்கவில்லை, ஒரு கோடு போட்டு, கீழே புதியதை எழுதித் தேதியும் போட்டேன்.